கையெழுத்து இல்லாத வண்ணம்: பாரிஸ் ஃபேஷன் ஓவியங்கள், 1908 – 1925

போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன். அவர்களுடைய படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நேரம் போவதே தெரியாது, இப்பவே எச்சரித்துவிடுகிறேன். நான் தேடிப் போனது வேறு எதையோ. கண்ணில் பட்டது 1910களில் பாரிஸில் வெளியான ஒரு ஃபேஷன் படம். ஒல்லியான ஒரு பெண், நீளமான மேலங்கி, தலையில் இறகு.

இந்த மாதிரிப் படங்களை முன்பும் பார்த்திருக்கிறேன். வாழ்த்து அட்டையில், காபிக்கடைச் சுவரில், நோட்டுப் புத்தக அட்டையில். நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'வசதியான வீட்டுப் பெண்களின் அழகான படம்' என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

சும்மா பெரிதாக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். அங்கியின் ஓரத்தில் வண்ணம் லேசாகத் தடித்து ஒரு வரப்பு மாதிரி நின்றது. ஓரிடத்தில் கறுப்புக் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே மயிரிழை வெள்ளை. வண்ணப் பத்திரிகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அந்தப் புள்ளி இதில் ஒன்றுகூட இல்லை.

அப்ப இது அச்சடித்த வண்ணம் இல்லையா? கையால் பூசினதா? ஒவ்வொரு பிரதியிலுமா?

ஆமாம். ஒவ்வொரு பிரதியிலும்.

அடுத்த மூன்று வாரம் இதிலேயே போனது. அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பழைய கதை

ஃபேஷன் படம் 20ஆம் நூற்றாண்டில் திடீரென்று முளைத்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டு முழுக்க பிரான்ஸில் பெண்கள் பத்திரிகைகள் இதழோடு தனித்தாளாக ஃபேஷன் படம் வைத்துக் கொடுத்தன. தகட்டில் செதுக்கி அச்சடித்து, மேலே கையால் நீர்வண்ணம் பூசுவார்கள். வரைந்தவர்களில் தேர்ந்த ஓவியர்களும் உண்டு. அலெக்சாந்தர் கொலான் என்ற ஓவியரின் மகள்கள் மூவர், எலோயிஸ், அனாயிஸ், லோர், பல பத்தாண்டுகள் இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்தார்கள். தங்கள் பெயரிட்டே வரைந்தார்கள்.

ஆனால் அந்தப் படங்களின் வேலை வேறு. பெரும்பாலும் ஒரு வரவேற்பறை இருக்கும், அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி நமக்கு முகம் காட்டி நிற்பாள், இன்னொருத்தி முதுகைக் காட்டுவாள். காரணம் எளிது. பின்பக்கம் எப்படித் தைப்பது என்று தையல்காரருக்குத் தெரியணும் இல்லையா? எத்தனை பொத்தான், எத்தனை அடுக்கு லேஸ், மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எல்லாம் எண்ணிப் பார்க்கிற மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட செய்முறைக் குறிப்பு. சமையல் புத்தகத்தில் வரும் படம் மாதிரி.

நூற்றாண்டு திரும்பும்போது இதுவும் தளர்ந்துபோயிருந்தது. பத்திரிகைகளில் புகைப்படம் நுழைந்துவிட்டது. விவரம் காட்டுவதுதான் நோக்கம் என்றால் கேமராவோடு பேனா போட்டி போட முடியாது. ஆக, ஃபேஷன் ஓவியம் செத்துப்போயிருக்க வேண்டிய நேரம் அது. அதற்கு நேர்மாறாக, அடுத்த பதினைந்து இருபது வருடம்தான் அதன் பொற்காலம் ஆனது. எப்படி?

ஒரு தையல்காரரின் சிக்கல்

போல் புவாரே 1879இல் பாரிஸில் ஒரு துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். தூசே, வொர்த் என்ற இரண்டு பெரிய ஃபேஷன் நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு 1903இல் சொந்தக் கடை போட்டார். அவர் செய்த முக்கியமான காரியம், உடையின் எடையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளுக்கு மாற்றியது. அதுவரை பெண்களின் உடல் இறுக்குக் கச்சுக்குள் கட்டப்பட்டு, மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. புவாரேயின் உடை மார்புக்குக் கீழிருந்து நேராக வழிந்து இறங்கியது. (ரொம்பப் புகழவும் வேண்டாம். பிற்பாடு கால்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரி குறுகலான பாவாடையைக் கொண்டுவந்தவரும் இவர்தான். மார்பை விடுவித்துவிட்டுக் காலைக் கட்டிப்போட்டேன் என்ற பொருளில் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார்.)

இந்த உடையைப் பழைய பாணியில் வரைந்து பாருங்கள். எண்ணிக் காட்ட ஒன்றுமே இருக்காது. அடுக்கு இல்லை, லேஸ் குறைவு, பொத்தான் வரிசை கிடையாது. இருப்பது ஒரு நீண்ட கோடும், அதற்குள் ஒரு பெரிய வண்ணப் பரப்பும்தான். பழைய படக்காரர் கையில் கொடுத்தால் மொட்டையாக, ராத்திரி உடை மாதிரித் தெரியும்.

புவாரே போய்ப் பிடித்தது போல் இரீப் என்ற இளைஞரை. வயது இருபத்தைந்துதான். ஃபேஷன் படம் வரைபவர் இல்லை, கேலிச்சித்திரக்காரர். 'லு தெமுவான்' என்று ஒரு நையாண்டிப் பத்திரிகையும் நடத்தியவர். 1908இல் இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். பத்துப் படங்கள், 250 பிரதிகள். தலைப்பே விசித்திரம்: 'போல் இரீப் சொல்லும் போல் புவாரேயின் உடைகள்'. கவனியுங்கள், 'வரைந்த' இல்லை, 'சொல்லும்'. கதை சொல்வது மாதிரி.

படத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரே ஒரு தந்திரம். அறை, நாற்காலி, சுவரில் மாட்டிய படம் எல்லாம் வெறும் கறுப்புக் கோடு. வண்ணம் உடைக்கு மட்டும். இதைவிட நேரடியாக 'இங்கே பார்' என்று சொல்ல முடியுமா? கேலிச்சித்திரக்காரரின் மூளை அது. தேவையில்லாததை எடுத்துவிட்டால் தேவையானது தானே கத்தும்.

இந்த ஆல்பத்தை ஐரோப்பிய அரசிகளுக்கெல்லாம் அனுப்பினாராம் புவாரே. இங்கிலாந்திலிருந்து மட்டும் அது திரும்பி வந்துவிட்டது, இனி இப்படி எதையும் அனுப்ப வேண்டாம் என்ற குறிப்போடு. அவர் நினைவுக் குறிப்புகளில் சொல்கிற கதை இது. புவாரே கதையளப்பதில் மன்னர் என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

1911இல் இரண்டாவது ஆல்பம். இந்தத் தடவை ஓவியர் ஜார்ஜ் லெபாப், பிரதிகள் 1000. இதில் தலைப்பாகை அணிந்த பெண்களின் முகங்கள் கிட்டத்தில், தாளை நிறைத்துக்கொண்டு வருகின்றன. அந்தத் தலைப்பாகையில் ஒரு இந்தியத் தொடர்பு இருக்கிறது. லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் (இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்) இந்தியத் தலைப்பாகைகளைப் பார்த்து மயங்கிய புவாரே, பாரிஸிலிருந்து தன் தையலறைத் தலைவியை வரவழைத்து, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகலெடுக்க வைத்தார். இந்தியாவில் கட்டிய தலைப்பாகை லண்டன் கண்ணாடிப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து பாரிஸ் சீமாட்டிகளின் தலைக்கு ஏறியது. அசல் கட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. இந்தப் பெயர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

தகடும் தூரிகையும்

சரி, அந்த வண்ண வரப்புக்கு வருவோம்.

இந்த முறைக்கு பிரெஞ்சில் 'போஷ்வார்' என்று பெயர். ஸ்டென்சில் என்றுதான் அர்த்தம். நமக்குப் புதுசு இல்லை. ஓட்டை போட்ட கோல அச்சில் மாவைத் தேய்த்து எடுப்போமே, மூட்டையில் தகரத்தை வைத்து எழுத்துக்கு மை தடவுவார்களே, அதே தத்துவம். பாரிஸ்காரர்கள் அதை எங்கே கொண்டுபோனார்கள் என்பதுதான் விஷயம்.

ஓவியர் அசல் படத்தைத் தருவார். கறுப்புக் கோடுகள் மட்டும் இயந்திரத்தில் அச்சாகும். பிறகு பட்டறையில் ஒருவர் அசலைப் பார்த்து வண்ணங்களைப் பிரிப்பார். இங்கே சிவப்பு, இங்கே வெளிர் மஞ்சள், இங்கே அந்த மஞ்சளுக்கு மேல் இன்னொரு பச்சை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் மெல்லிய செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் அந்த வடிவத்தைக் கத்தியால் வெட்டி எடுக்கணும். ஒரு படத்துக்கு இருபது, முப்பது தகடுகூடத் தேவைப்பட்டதுண்டு. தகட்டைத் தாளில் சரியாகப் பொருத்தி, குட்டையான உருண்டைத் தூரிகையால் வண்ணத்தை ஒற்றி எடுப்பார்கள். ஒரு வண்ணம் காய்ந்ததும் அடுத்த தகடு. தூரிகை தகட்டின் ஓரத்தில் இடிக்கும்போது வண்ணம் கொஞ்சம் தேங்கும். நான் பார்த்த வரப்பு அதுதான். தகடு மயிரிழை நகர்ந்தால் அந்த வெள்ளைக் கோடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரீப் ஆல்பத்தில் பத்துப் படம், 250 பிரதி. 2500 தாள். தாளுக்கு எட்டே வண்ணம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 20,000 தடவை தகட்டை வைத்து எடுக்கணும். லெபாப் ஆல்பத்துக்கு இதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? அன்றைய இயந்திர அச்சில் வண்ணம் சாயம் போன மாதிரி, புள்ளிக் கலவையாகத்தான் வரும். போஷ்வாரில் ஓவியர் பயன்படுத்திய அதே வண்ணக் குழம்பு தாளில் நேராக உட்காருகிறது. வெல்வெட் மாதிரி அடர்த்தி. தங்கம் வேண்டுமென்றால் தங்கப்பொடி, வெள்ளி வேண்டுமென்றால் வெள்ளிப்பொடி.

எனக்கு 'அட!' போட வைத்த இடம் இதுதான். ஸ்டென்சிலுக்கு இயல்பாக வருவது தட்டையான, தெளிவான விளிம்புள்ள பெரிய வண்ணப் பரப்பு. புவாரேயின் உடையும் அதேதான். அந்தக் காலத்துப் பாரிஸ் ஓவியர்களைப் பித்துப்பிடிக்க வைத்திருந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களும் அதேதான். நிழல் போட்டு உருட்டிக் காட்டுவது கிடையாது, கோடும் பரப்பும்தான். கூடவே, துணிக்குச் சாயம் போட ஜப்பானியர் பயன்படுத்திய வெட்டுத்தாள் ஸ்டென்சில்களும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாரிஸுக்கு வந்து சேர்ந்திருந்தன. துணியின் வெட்டும், தகட்டின் வெட்டும், ஓவியரின் கண்ணும் ஒரே திசையில் பார்த்த தருணம் அது. ஓவியர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்திருந்தாலும், 1880இன் அடுக்கடுக்கான உடையை வைத்துக்கொண்டு இந்தப் படத்தை வரைந்திருக்க முடியாது.

வோஜெல் போட்ட பணம்

மூன்றாவதாக ஒருவர் தேவைப்பட்டார். செலவு செய்கிறவர். லூசியான் வோஜெல், 1912 நவம்பரில் 'கஸெத் து பொன் தொன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெயருக்கு 'நல்ல ரசனையின் இதழ்' என்று அர்த்தம் சொல்லலாம். துணைத்தலைப்பில் கலை, ஃபேஷன் என்ற இரண்டோடு மூன்றாவதாக 'அற்ப சந்தோஷங்கள்' என்றும் போட்டிருந்தார்கள். ஆண்டுச் சந்தா 100 பிராங்க். சாமானியர்கள் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

ஷெருய், தொய்யே, தூசே, பாக்கான், புவாரே, ரெட்ஃபெர்ன், வொர்த் என்ற ஏழு ஃபேஷன் நிறுவனங்களோடு வோஜெல் ஒப்பந்தம் போட்டார். இதழுக்குப் பத்து போஷ்வார் படங்கள். அதில் ஏழு, இந்த ஏழு நிறுவனங்களின் உடைகளுக்கு. மீதி மூன்றில் ஓவியர்கள் தாங்களே கற்பனை செய்த உடையை வரையலாம். யாரும் தைக்காத, தைக்கவே வேண்டாத உடை! ஃபேஷன் பத்திரிகையில் ஓவியருக்கு இப்படி ஒரு மானியம் கிடைத்ததுதான் புதுமை. ஃபேஷன் கலையாகிவிட்டது, ஆகவே அதைப் பற்றிய பத்திரிகையும் கலைப் பத்திரிகையாகத்தான் இருக்கணும் என்பது அவர்கள் தொடக்கத்திலேயே அறிவித்த கொள்கை.

எழுத்துருவில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பெய்ன்யோ வார்ப்பகம் அப்போது புதிதாக வெளியிட்ட 'கொஷான்' எழுத்துருவில் அச்சிட்டார்கள். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் எழுத்துருப் பட்டியலில் தேடிப் பாருங்கள், இன்றும் இருக்கும்.

ஓவியர்கள் ஒரு பட்டாளம். லெபாப், ஜார்ஜ் பார்பியே, ஷார்ல் மர்த்தான், ஆந்திரே மர்த்தி, பியேர் ப்ரிஸோ, பெர்னார் பூத்தே த மோன்வெல். பலரும் பாரிஸின் நுண்கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர்கள். (இந்த மோன்வெல்தான் பிற்பாடு இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கரை வரைந்தவர். ஒரு படத்தில் மேல்நாட்டு மாலை உடையில், இன்னொன்றில் மராத்திய உடையில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உடையை வரையத் தெரிந்தவர் கை தெரியும்.)

படங்களுக்கு அவர்கள் வைத்த தலைப்புகளைப் படிக்கிறதே ஒரு சுகம். லெபாப் வரைந்த ஒன்றுக்கு 'நான் சீக்கிரம் வந்துவிட்டேனோ?' என்று பெயர். கீழே சின்னதாக: புவாரேயின் தியேட்டர் மேலங்கி. பார்பியேயின் ஒன்று 'கிளிஞ்சல் நீரூற்று'. கீழே: பாக்கானின் மாலை நேர உடை. இன்னொன்று வெறுமனே 'சோர்வு'. பார்த்தீர்களா? பழைய படம் 'இந்த உடையை இப்படித் தைக்கணும்' என்றது. இது 'இந்த உடையில் இருக்கிறவளுக்கு இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது' என்கிறது. தியேட்டருக்குச் சீக்கிரம் வந்துவிட்ட பெண்ணின் அந்தச் சங்கடத்தை எந்தத் தையல் குறிப்பாலும் சொல்ல முடியாது. சிறுகதையின் முதல் வரி மாதிரி ஒரு தலைப்பு, மிச்சக் கதை நம் தலையில்.

1914இல் வோஜெல் இன்னொரு காரியம் செய்தார். 'விளையாட்டுகளும் பொழுதுபோக்குகளும்' என்ற ஆல்பத்துக்கு மர்த்தானைப் படம் போடச் சொல்லி, இசையமைப்பாளர் எரிக் சாத்தியிடம் படத்துக்கு ஒன்றாக இருபது குட்டி பியானோ இசைத் துணுக்குகள் கேட்டார். முதலில் ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்டதாகவும், அவருக்குத் தொகை போதவில்லை என்றும், சாத்தியோ தொகை ரொம்ப அதிகம் என்று கோபித்துக்கொண்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். சாத்தி எழுதி முடித்தார். உலகப் போர் குறுக்கே வந்தது. ஆல்பம் வெளிவந்தது 1923இல்தான். அதற்குள் 1914 உடைகள் பழசாகிவிட்டதால் மர்த்தான் 1922இல் எல்லாப் படங்களையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. இசையில் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஃபேஷன் ஓவியர் வேலையின் அவலம் முழுக்க இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கலையா, விளம்பரமா?

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரே வார்த்தையில் நிறுத்தினார். "விளம்பரம்தானே?"

நியாயமான கேள்வி. ஏழு நிறுவனங்களின் ஆதரவில் ஏழு படம் போட்டால் அதற்கு வேறென்ன பெயர்? நானும் மழுப்ப விரும்பவில்லை. இவை துணி விற்க வரைந்த படங்கள்தான். ஆனால் ஆர்டர் கொடுத்துச் செய்த ஒரே காரணத்தால் ஒன்று கலை இல்லாமல் போய்விடும் என்றால், உலகத்தில் கலை என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். கோயிலுக்கும் அரண்மனைக்கும் வியாபாரிக்கும் செய்ததைக் கழித்துவிட்டால் அருங்காட்சியகங்களில் பாதி காலி.

நான் வைத்துக்கொண்டிருக்கிற அளவுகோல் இது. வாங்க வேண்டிய பொருள் காணாமல் போன பிறகும் படம் நிற்கிறதா? பாக்கானின் அந்த மாலை உடையை இன்று யாரும் வாங்க முடியாது. பாக்கான் நிறுவனமே இல்லை. பார்பியேயின் படம் நிற்கிறது. அவர் கோட்டில் லூவரில் பார்த்த கிரேக்கச் சாடிகளின் நிதானமும், 1909 முதல் பாரிஸை உலுக்கிய ரஷ்ய பாலே குழுவின் வண்ண வெறியும் ஒன்றாக இருக்கின்றன. விற்பனை முடிந்து நூறு வருடமாகியும் என் தூக்கத்தைக் கெடுத்தது அல்லவா? எனக்கு அது போதும்.

படத்தில் இல்லாதவர்கள்

ஆனால் நண்பரின் கேள்வி வேறொரு பக்கம் என்னைத் தள்ளியது. கலை என்றால், யாருடைய கலை?

படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. கீழே நிறுவனத்தின் பெயர். பத்திரிகையின் பெயரும் இருக்கிறது. நான் பெரிதாக்கிப் பார்த்த அந்த வண்ணத்தைப் பூசியவரின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. லெபாப் வரைந்தது ஒரே ஒரு அசல். நம் கைக்கு வருவது, அவர் தொட்டே பார்க்காத தாளில் இன்னொருவர் பூசிய வண்ணம். இந்தப் பட்டறைகளில் தூரிகை பிடித்தவர்களில் பெண்களே மிகுதி. ழான் சொதே என்ற பட்டறை முதலாளி 1925இல் போஷ்வார் பற்றிப் பெரிய கையேடே எழுதியதால் அவர் பெயர் தெரிகிறது. அவர் பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் தெரியாது.

உடையிலும் அதே கதைதான். தைத்த பெண்கள் படத்தில் வருவதில்லை. ஒரே ஒரு தடவை அவர்கள் தாமாகவே தெருவுக்கு வந்து தங்களைக் காட்டினார்கள். 1917 மே மாதம், போர் நடுவே, ஜென்னி என்ற ஃபேஷன் நிறுவனத்தின் தையல்காரப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம் பிடிக்காமல் சனிக்கிழமை மதியம் விடுப்பு, ஏறிப்போன விலைவாசிக்கு ஒரு படி, இவைதான் கோரிக்கை. சில நாட்களில் மற்ற நிறுவனங்களுக்கும் பரவி, பாரிஸ் பூல்வார்களில் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஜூனில் தையல் தொழிலுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுப்பு சட்டமாகவே வந்தது. அந்த ஊர்வலத்தைப் புகைப்படக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். தொப்பி அணிந்த இளம் பெண்கள், கைகோத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. கஸெத் படத்தில் வரும் அலுத்துப்போன சீமாட்டிகள் யாரும் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் படங்கள் கசந்துபோனதா என்றால், இல்லை. பார்க்கிற இடம் மாறியது. முன்பு முகத்தைப் பார்த்தேன். இப்போது ஓரங்களைப் பார்க்கிறேன்.

கேமரா வருகிறது

கடைசி அத்தியாயம் சீக்கிரம் முடிந்துவிடும். அது வெளியிலிருந்து வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

1911 ஏப்ரலில், கஸெத் பிறப்பதற்கு முன்பே, 'கலையும் அலங்காரமும்' என்ற பாரிஸ் பத்திரிகையில் உடைக்கலை பற்றி ஒரு கட்டுரை வந்தது. புவாரேயின் உடைகளை லெபாப் வரைந்திருந்தார். அதே கட்டுரையில் அதே புவாரேயின் உடைகளை எட்வர்ட் ஸ்டைக்கன் புகைப்படமும் எடுத்திருந்தார். சும்மா அடையாளத்துக்கு எடுத்த படம் இல்லை. மங்கலான ஒளி, அசைவு, மனநிலை எல்லாம் உள்ள படங்கள். கலைநோக்கோடு எடுத்த முதல் ஃபேஷன் புகைப்படங்கள் அவைதான் என்று ஸ்டைக்கன் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். அவரை அதற்குத் தூண்டிவிட்டது யார் தெரியுமா? நம்ம லூசியான் வோஜெல்தான். ஓவியத்துக்கு மேடை போட்டவரே அதை வீழ்த்தப்போகிறவரையும் அழைத்து வந்தார்.

போர் கஸெத்தை 1915இல் நிறுத்தியது. கொஷான் எழுத்துருவை வெளியிட்ட ஜார்ஜ் பெய்ன்யோ போரில் இறந்தார், அவருடைய சகோதரர்கள் மூவரும் அப்படியே. பாரிஸில் அந்த நான்கு சகோதரர்களின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. 1920இல் கஸெத் மறுபடி வந்தது. அடுத்த வருடமே அது 'வோக்' பத்திரிகையின் அதிபர் கோண்டே நாஸ்ட் கைக்குப் போனது. 1925இல் வோக்குடன் இணைந்து மறைந்தது. அதே 1925இல்தான் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சி நடந்தது. 'ஆர்ட் டெகோ' என்ற பெயருக்கே மூலமான கண்காட்சி. புவாரே அதில் சேன் நதியில் மூன்று படகுகளை அலங்கரித்து நிறுத்தி, கைக்காசை இழந்தார். 1929இல் கடையை மூடினார், 1944இல் வறுமையில் இறந்தார்.

பார்பியே இறந்தது 1932இல். அதே வருடம் ஜூலையில் வோக் இதழின் அட்டையில் முதல் முறையாக வண்ணப் புகைப்படம் வந்தது. நீச்சலுடையில் பந்து பிடித்த ஒரு பெண். எடுத்தவர் ஸ்டைக்கன்.

வோஜெல்? அவர் 1928இலேயே 'வூ' என்ற செய்திப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். முழுக்க முழுக்கப் புகைப்படம். அவரிடம் யாராவது 'என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க' என்று கேட்டிருப்பார்களா என்று யோசிப்பதுண்டு. எனக்கென்னவோ அவர் துரோகம் செய்ததாகத் தோன்றவில்லை. புதுசு எதுவோ அதற்குச் செலவு செய்கிற ஆள் அவர். 1912இல் புதுசு போஷ்வார், 1928இல் புதுசு கேமரா.

ஃபேஷன் ஓவியம் அதற்குப் பிறகும் பத்திரிகைகளில் இருந்தது, இன்றும் இருக்கிறது. இல்லாமல் போனது அந்தக் கூட்டு. கோடும் பரப்புமாகத் தைக்கிற ஒருவர், அதைப் பார்க்கத் தெரிந்த ஓவியர், நஷ்டத்துக்கு அஞ்சாத ஒரு பதிப்பாளர், தாளுக்கு இருபது தடவை தகட்டைப் பொருத்துகிற பொறுமையான கைகள். நான்கில் ஒன்று கழன்றாலும் அந்தப் படம் வராது. அதில் மூன்று பேரைத்தான் வரலாறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

நேரம் கிடைத்தால் இணையத்தில் அந்தப் படங்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து, முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தை விட்டுவிட்டு அங்கியின் ஓரத்துக்குப் போங்கள். நான் முதலில் பார்த்த படத்தில் இடது கைப்பக்கம் வண்ணம் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியே வந்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கைக்கு என்ன அவசரமோ. சனிக்கிழமையாக இருந்திருக்கலாம்.